காலித் தொட்டியில் குடியேறியவர்கள்

ஜூன் 2

பொடிசுக்கு,

இந்தக் கவரை நீ பிரிக்காமலே கிழித்துப் போடுவாய் என்று உன் அத்தான் பந்தயம் கட்டியிருக்கிறார். இதைப் படிக்கிறாய் என்றால் அவர் தோற்றார். என் போன் எண்ணைத் தடுத்து வைத்து மூன்று வருஷம் ஆகிறது. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதே என்பது நேற்றுதான் என் மண்டையில் உறைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர் வேலை மாறிப் போகிறார். அவர் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. நெஞ்சு உயரம், உள்ளே ஒன்றும் இல்லை. யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார். "எனக்கு வேணும்" என்றேன். "நீங்க என்ன வளக்கப் போறீங்க?" என்றார். "கடற்குதிரை" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை என எழுதத்தான் உட்கார்ந்தேன். தெரியும். பத்திரிகையில் உன் பண்ணையைப் பற்றி வந்தபோது, கையில் கடற்குதிரைக் குஞ்சுகளோடு நீ சிரிக்கும் படத்தை வெட்டி பர்ஸில் வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நேரில் பார்த்து நாளாகிறது.

ஆஸ்பத்திரி லேபில் நான் சொல்லி வாங்கிய வேலையை விட்டுவிட்டு நீ பண்ணைக்குப் போகிறேன் என்றபோது, சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் "மீனுக்கு ஆயா வேலை பாக்கப் போறா" என்றேன். வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். யோசித்து, உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். நீ "இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று தட்டை வைத்துவிட்டு எழுந்தாய். அந்தத் தட்டை நான்தான் கழுவினேன்.

எனக்கு ஒரு ஜோடி கடற்குதிரை வேண்டும். என்ன செய்ய வேண்டும், சொல்.

அக்கா


ஜூன் 8

மேற்படி விலாசத்தில் வசிப்பவருக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் தோற்றதில் எனக்கு வருத்தம்தான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று சொல்லவும்.

கடற்குதிரை பொம்மை இல்லை. அதற்கு இரைப்பை கிடையாது. தின்றது தங்காது, அதனால் நாளைக்கு இரண்டு மூன்று வேளை தின்னும், உடனே கழிக்கும். அந்தக் கழிவு தண்ணீரில் அமோனியாவாகும். அது விஷம். அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிற கிருமி ஒன்று உண்டு. நைட்ரைட்டும் விஷம். அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்றுகிற கிருமி இன்னொன்று. நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த இரண்டு கிருமிகளும் தொட்டியில் குடியேறி, பெருகி, வேலையைத் தொடங்க ஆறு வாரமாவது ஆகும். அதுவரை தொட்டியில் ஒரு ஜீவன் இருக்கக் கூடாது.

கிருமியைக் கொல்வதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது சரிப்பட்டு வருமா என்று யோசித்துக்கொள்ளவும்.

ஆர்.ஓ. தண்ணீர். கடைகளில் மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பு. சமையல் உப்பு அல்ல. உப்பு அளக்கும் கருவியில் 1.025 காட்ட வேண்டும், வெப்பம் இருபத்து நான்கு டிகிரி. காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர் இரண்டு போதும், வேகமான நீரோட்டம் ஆகாது. பாறை வேண்டாம், அதில் ஒளிந்துகொண்டு கொட்டுகிற பூச்சிகள் வரும். வால் சுற்றிப் பிடித்துக்கொள்ளப் பிளாஸ்டிக் செடிகள். கிருமிக்குத் தீனியாக ஒரு பச்சை இறாலைச் சல்லடைப் பையில் போட்டுத் தொட்டிக்குள் அழுக விடவும். சோதனைப் பெட்டி வாங்கி அளவுகளை எழுதி அனுப்பவும்.

என் குதிரைகளைப் பார்சலில் அனுப்புவதில்லை. கையில் கொண்டுபோய்த்தான் கொடுப்பேன். ஆகஸ்ட் 22 அன்று கடல் தாண்டி வேறொரு பண்ணைக்குப் போகிறேன், இரண்டு வருஷ வேலை. அதற்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏழு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் வருவேன். இல்லாவிட்டால் இல்லை. யார் கேட்டாலும் இதுதான் விதி.


ஜூன் 19

பொடிசுக்கு,

மேற்படி விலாசத்தில் வசிப்பவள் எழுதிக்கொள்வது. உன் கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு வருஷமா?" என்றார். மறுநாள் பஸ் ஓட்டப் போகுமுன் தொட்டியை ஹாலுக்கு இழுத்து, அடியில் பலகை வைத்துச் சமன் செய்துவிட்டுப் போனார்.

உப்பைக் கரைக்கவே ஒரு நாள் போனது. முதல் தடவை 1.031 வந்தது. உன் அத்தான் விரலை விட்டு நக்கிப் பார்த்து "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். கருவி எதற்கு, மனுஷனே போதும்.

இப்போது உள்ளே இறால் அழுகிக்கொண்டிருக்கிறது. நான் இருபத்து நாலு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் கத்தி, கத்தரிக்கோல்களை ஆவியில் அவித்து, ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை என்று கையெழுத்துப் போடுகிறவள். அப்படிப்பட்டவள் நடு ஹாலில் ஒரு இறாலை அழுக வைத்து, சரியாக அழுகுகிறதா என்று காலையும் மாலையும் குனிந்து பார்க்கிறேன். எங்கள் பிரிவில் தெரிந்தால் என்னைத்தான் ஆவியில் அவிப்பார்கள்.

வருகிறவர்களெல்லாம் தொட்டி முன்னால் நின்று "மீன் எங்கே?" என்கிறார்கள். "இன்னும் வரல. கிருமி வளத்துக்கிட்டிருக்கேன்" என்றால் உட்காராமலே கிளம்பிவிடுகிறார்கள். மாடி வீட்டுக்காரி நேற்று உன் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தாளாம்.

அளவு: அமோனியா 1. நைட்ரைட் பூஜ்யம். நேரம் காலை 6.10. சோதித்தவர் நான். சாட்சி உன் அத்தான்.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

சாட்சி கையெழுத்தெல்லாம் தேவையில்லை. இருந்தாலும் இருக்கட்டும்.

அமோனியா நாலு வரை ஏறும். பயப்பட வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதில் வேலை. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

அத்தானிடம் உப்புத் தண்ணீரை நக்க வேண்டாம் என்று சொல். இறால் போட்ட தண்ணீர் அது.

பொடிசு என்று கூப்பிடாதே. எனக்கு முப்பத்து நாலு வயசு.


ஜூலை 16

முப்பத்து நாலு வயசுப் பொடிசுக்கு,

அளவுகளைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பார்த்து நானே கோடு போட்டது. அமோனியா நாலு வரை ஏறியது, நீ சொன்னபடி. ஜூலை 5 அன்று சோதனைக் குழாயில் முதல் தடவையாக நைட்ரைட் ஊதா நிறம் காட்டியது. நான் கத்திய கத்தலில் உன் அத்தான் முகத்தில் சோப்போடு ஓடி வந்தார். அமோனியா இறங்க ஆரம்பித்திருக்கிறது. இன்று காலை 0.5. அதாவது முதல் கூட்டம் குடி வந்து அடுப்பு மூட்டிவிட்டது. இரண்டாவது கூட்டம் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன் அத்தான் அவர்களுக்கு வாடகைக்காரர்கள் என்று பேர் வைத்திருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "வாடகைக்காரங்க சாப்டாங்களா?" என்பார். டி.வி. சத்தத்தைக் குறைத்து வைக்கிறார். கண்ணுக்கே தெரியாத பிராணிக்கு என்ன காது என்றால், "இருக்கட்டுமே" என்கிறார்.

கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கிறது. ஸ்பாஞ்சும் பழுப்பாகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. கை துறுதுறுவென்கிறது. ஒன்றும் செய்யவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறேன்.

உன் அறையை, நீ வந்தால் தங்கட்டும் என்று, ஒழித்து வைத்திருக்கிறேன். வந்தால் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி.

அக்கா


ஜூலை 22

அக்கா,

உன் படிவத்தைப் பண்ணையில் எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் மேலாளர் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். இந்த மாதிரி யாரும் எழுதுவதில்லை, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்கிறார். நான் பெருமைப்பட்டேன் என்று எழுத விருப்பமில்லை. பட்டேன்.

பழுப்புப் படலம் நல்ல அறிகுறி. தொடாதே.

உனக்கு ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன். என் கையில் பிறந்து வளர்ந்தவை. உறைந்த இறாலைக் கரண்டியிலிருந்தே எடுத்துத் தின்னும். ஆணுக்கு மொட்டையன் என்று பேர், தலையில் இருக்க வேண்டிய கிரீடம் அவனுக்குச் சரியாக முளைக்கவில்லை. பெண்ணுக்குச் சிடுமூஞ்சி. தீனி இரண்டு நிமிஷம் தாமதமானால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். யாரை நினைத்து அந்தப் பேர் வைத்தேன் என்று கேட்காதே.

தினமும் காலையில் இரண்டும் வாலைக் கோத்துக்கொண்டு ஒரு சுற்று வரும். அப்புறம் அதது வேலையைப் பார்க்கும். குஞ்சுகளைச் சுமப்பது ஆண்தான். அத்தானிடம் சொல், முகம் எப்படிப் போகிறது என்று எழுது.

ஆறாவது வாரம் முடியப் போகிறது. இன்னும் கொஞ்சம்தான்.


ஜூலை 30

பொடிசுக்கு,

போன வெள்ளிக்கிழமை எடுத்த அளவு இது: அமோனியா பூஜ்யம், நைட்ரைட் 0.25. இன்றைய அளவு: அமோனியா 2, நைட்ரைட் 1.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் பெரிய ஆய்வு. வெளியிலிருந்து வந்தவர்கள் எங்கள் பிரிவில் ஆபரேஷன் கிடுக்கி ஒன்றின் பூட்டில் பழுப்புப் புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. எல்லார் முன்னாலும் தலை குனிந்து நின்றேன். வீட்டுக்கு வந்து பையை வைத்தேன். தொட்டிக்குள் இரண்டு ஸ்பாஞ்சும் பழுப்பாக, கொழகொழவென்று நின்றன. என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. இரண்டையும் எடுத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீரில், கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் அவித்தேன். பிழிந்து பார்த்தேன், பால் போல வெள்ளை. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். உன் அத்தான் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்து, "அது வாடகைக்காரங்க இருக்கற வீடாச்சே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் அளவு எடுத்துப் பார்த்தேன். ஏறிக்கொண்டே போகிறது. மறுபடியும் ஆறு வாரம் ஆகும். நீ அதற்குள் போய்விடுவாய்.

நேற்றுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பூஜ்யம், பூஜ்யம் என்று ஏழு வரி பென்சிலில் எழுதினேன். எழுதினால் நீ வருவாய். இந்த வீட்டுக்குள் உன்னைப் பார்ப்பேன். குதிரைகளைப் பக்கெட்டில் வைத்தாவது சமாளிக்கலாம் என்றுகூட யோசித்தேன். அப்புறம் அழித்துவிட்டேன். மீன் விஷயத்தில் உன்னிடம் ஒரு பொய் சொன்னது போதும்.

நீ பத்து வயசில் ஒரு தங்கமீனை ஜாடியில் வைத்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். நான் அப்போதுதான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கண்ணில் பட்டதையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் ஜாடியைப் பினாயில் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, மீனைத் திரும்ப உள்ளே விட்டேன். ஒரு மணி நேரம்கூட இல்லை. நீ வந்து அழுதபோது "வயசாகிப் போச்சுடி, அதான்" என்றேன். நீ நம்பினாய். நம்பியதால் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஸ்பாஞ்சை அவித்தது நான். மீனைக் கொன்றதும் நான். சாட்சி வேண்டாம், இதற்கு என் கையெழுத்து ஒன்றே போதும்.

போகிற இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

உன் கடிதத்தைக் கஞ்சு அறையில் நின்றபடி படித்தேன் என்று எழுதியிருக்கிறேன் பார், குஞ்சு அறை. சிரிப்பா அழுகையா என்று கேட்காதே, இரண்டும்தான்.

இருபது நிமிஷம் கடிகாரம் பார்த்து அவித்திருக்கிறாய். உலகத்தில் எத்தனையோ பேர் தொட்டியைக் கெடுத்திருக்கிறார்கள். இவ்வளவு முறைப்படி யாரும் கெடுத்திருக்க முடியாது.

தங்கமீன் விஷயம் எனக்குத் தெரியும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஒரு வகுப்பில் சொன்னார்கள், தங்கமீன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழும் என்று. என் மீனுக்கு எட்டு மாசம். பென்சிலை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஜாடியைத் திறந்தபோது வந்த வாடை அன்றைக்குத்தான் என் மூக்குக்குத் திரும்ப வந்தது. நீ ஒருநாள் சொல்வாய் என்று பதினைந்து வருஷம் காத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதெல்லாம் மீனுக்கு ஆயா வேலை என்பதுதான். அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு எழுந்தது அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் இல்லை. உனக்கு இப்போது புரியும்.

நான் எதற்கு மீன் படிப்புக்குப் போனேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரு மீனுக்கு எத்தனை வயசானால் வயசாகிப் போச்சு என்று தெரிந்துகொள்ளத்தான். நீ அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், நான் இந்நேரம் உங்கள் லேபில் உட்கார்ந்து ரத்தம் சோதித்துக்கொண்டிருப்பேன். மொட்டையனும் சிடுமூஞ்சியும் பிறந்திருக்கவே மாட்டார்கள். அதற்காக நன்றியெல்லாம் சொல்ல முடியாது.

இப்போது கேள். எங்கள் பண்ணை வேன் டிரைவர் உங்கள் ஊர் வழியாகப் போகிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா தருவார். அதில் கடல் தண்ணீரில் நனைந்தபடி இரண்டு ஸ்பாஞ்சுகள் இருக்கும். இந்த ஜோடியின் தொட்டியிலேயே ஒரு வருஷமாக ஓடியவை. அழுக்குப் பிடித்து, பார்த்தாலே உனக்கு மயக்கம் வரும். திறந்தவுடன் அப்படியே உன் தொட்டியில் மாட்டு. கழுவாதே. பிழியாதே. முகர்ந்தும் பார்க்காதே. வாடகைக்காரர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். தினமும் ஒரு துண்டு இறால் போடு.

விதி மாறவில்லை. ஏழு நாள் பூஜ்யம். நீ எழுதுகிற எண்ணை நான் நம்புவேன்.

தங்கச்சி


ஆகஸ்ட் 15

தங்கச்சிக்கு,

டிரைவர் நின்றுகொண்டிருக்கிறார், அதனால் சுருக்கம். டப்பாவைத் திறந்தது உன் அத்தான். என்னை அடுத்த அறையில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மாட்டினார். அடுப்பின் லைட்டரையும் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 8: 0, 0. 9: 0, 0. 10: 0, 0. 11: 0, 0. 12: 0, 0. 13: 0, 0. 14: 0, 0. தினமும் இறால் போட்டும்தான். நைட்ரேட் 20 வந்தது, கால் பங்குத் தண்ணீர் மாற்றியதும் இறங்கிவிட்டது.

பென்சில் இல்லை. பேனா.

ஆண் குதிரைதான் பிள்ளை சுமக்கும் என்று உன் அத்தானிடம் சொன்னேன். "பாவம், அவனுக்கு லீவு உண்டா?" என்றார்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

இதையும் டிரைவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு வாசலில் இருப்பேன். இருபத்தொன்று வரை இருப்பேன். இரண்டு கையிலும் குதிரை இருக்கும், அதனால் கதவை நீ திற. வாசப்படி பற்றி நான் அன்றைக்குச் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது, முக்கியமாக அத்தான்.

எனக்குச் சாப்பிடப் பெரிய தட்டு வை. அன்றைக்குப் பாதியில் எழுந்துவிட்டேன்.


செப்டம்பர் 9

பொடிசுக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். தடையை எடுத்துவிட்டாய், தினமும்தான் பேசுகிறோம். ஆனால் இது படிவத்தில் போக வேண்டிய செய்தி. நீ இந்த வாரம் முழுக்கக் கடலில் இருப்பாய் என்றாய். கரைக்கு வந்ததும் முதலில் இதைப் படி.

மொட்டையன் சும்மா குண்டாகவில்லை. நீ தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறாய். குஞ்சு பிறந்தால் தேவைப்படும் என்று ஒரு சின்னக் குஞ்சுத் தொட்டியையும், தீனிக்குப் பொடி இறால் பொரிக்கும் பாட்டிலையும் அதன் முட்டையையும் வைத்துவிட்டுப் போனபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இன்று காலை ஐந்தே முக்காலுக்கு வாலால் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நிமிர்ந்தான். ஒவ்வொரு முறையும் வயிற்றுப் பையிலிருந்து பொடிப்பொடியாக, கமா போட்டது மாதிரி, குஞ்சுகள். சிடுமூஞ்சி பக்கத்திலேயே நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டுதான். உன் அத்தான் பஸ் டெப்போவுக்குப் போன் போட்டு, "வீட்ல பிரசவம், அரை நாள் லீவு வேணும்" என்றார். யாருக்கு என்று கேட்டார்களாம். "ஆம்பளைக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். மாடி வீட்டுக்காரி நாற்காலி கொண்டுவந்து தொட்டி முன்னால் போட்டுவிட்டாள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"நூத்தம்பது இருக்கும், அப்படியே எழுது" என்றார் உன் அத்தான். ஆபரேஷன் முடிந்ததும் பஞ்சையும் ஊசியையும் எண்ணுகிற வீட்டில் தோராயம் ஏது. ஒவ்வொன்றாக எண்ணினேன்.

பிறந்தவை நூற்று நாற்பத்து மூன்று. குஞ்சுத் தொட்டியில் இப்போது நீந்துபவை நூற்று முப்பத்திரண்டு. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம்.

இறந்தவை பதினொன்று. வயசாகி அல்ல. கப்பில் மொண்டு எடு, தண்ணீரை விட்டு வெளியே தூக்காதே என்று நீ இரண்டு தடவை சொல்லியிருந்தாய். அவசரத்தில் முதல் பதினொன்றை வலையில் தூக்கிவிட்டேன். மீதியைக் கப்பில் எடுத்தேன்.

சோதித்தவர்: அக்கா
சாட்சி: அத்தான்